டயர் மாத்துறப்ப நான் பார்த்த விஷயங்கள்

மழைல பிரேக் அடிச்சா கார் ஒரு மாதிரி இழுத்துக்கிட்டே போய்தான் நின்னுச்சு, குனிஞ்சு பார்த்தா டயர் பள்ளத்துக்குள்ள இருக்குற அந்த சின்ன மேடு, 1.6 மில்லிமீட்டர் மார்க், ரப்பரோட சமமா வந்திருச்சு. சரி மாத்தியே ஆகணும்.

பழைய டயர்ல 205/55 ஆர்16 91வின்னு போட்டிருந்துச்சு, 205/55 ஆர்16ங்கிறது சைஸ். 91ன்னா ஒரு டயர் 615 கிலோ தாங்கும், வி-ன்னா மணிக்கு 240 கிலோமீட்டர் வரைக்கும். சைஸ் அதே, லோடு நம்பர் மட்டும் குறையவே கூடாதுன்னு முடிவு பண்ணிட்டேன், கதவுப் பக்கத்து ஸ்டிக்கர்லயும் அதான் இருந்துச்சு.

ஆல் சீசன், அதாவது எல்லா பருவத்துக்கும்னு விக்குற டயர்ல தான் குழப்பம். எம் பிளஸ் எஸ்னு (சேறு, பனிக்கு ஏத்ததுங்கிற குறி) போட்டிருந்தா அது கம்பெனி தானா போட்டுக்குறது, மூணு சிகரம் வச்ச மலைக்குள்ள பனிப்பூ படம் இருந்தாதான் பனியில டெஸ்ட் பண்ணி பாஸ் ஆனது. ட்ரெட்வேர், அதாவது ரப்பர் எவ்வளவு மெதுவா தேயும்ங்கிற நம்பர், 600, 700னு பெருமையா சொல்வாங்க, அதுவும் கம்பெனியே போட்டுக்குற நம்பர்தான், வேற வேற பிராண்டை அத வச்சு ஒப்பிட்டா சரியா வராது. எனக்கு மழைல நிக்கணும், அதனால டிராக்ஷன், அதாவது ஈர ரோட்ல பிடிக்குற தரம், ஏ, முடிஞ்சா டபுள் ஏ, அதத்தான் முதல்ல பார்த்தேன்.

வாங்குறப்ப டயர் பக்கவாட்டுல டாட்னு (DOT) ஆரம்பிக்குற எழுத்து வரிசைல கடைசி நாலு எண்ணையும் பாருங்க, 1824ன்னா 2024ல 18வது வாரம் செஞ்சது. ஸ்டாக்ல கிடந்த பழசத்தான் முதல்ல எடுத்து நீட்டுவாங்க!

நான் நாலும் மாத்திட்டேன். ரெண்டுதான் மாத்துறீங்கன்னா புதுச பின்னாடி போடுங்க, முன்வீல் டிரைவா இருந்தாலும் சரி, தண்ணில பின்பக்கம் வழுக்குனா வண்டி சுத்திரும்.