புது ஸ்போர்ட்-டூரிங் பைக்: அவசரத் தீர்ப்பில் நடக்கும் தவறுகள்

"திருப்பத்தில் சாய மாட்டேங்குது", "பின்னாடி தூக்கிப் போடுது", "கியர் கடக் கடக்னு விழுது". பைக் வீட்டுக்கு வந்த முதல் வாரத்திலேயே இப்படித் தீர்ப்பு எழுதிவிடுகிறோம். அடுத்த வாரம் ஹேண்டில்பாரை உயர்த்தும் ரைசர், உயரமான முன்கண்ணாடி (விண்ட்ஸ்கிரீன்), வேறு சீட் என்று பாகங்கள் வாங்கும் படலம் தொடங்கிவிடும்.

ஸ்போர்ட்-டூரிங் பைக் ஒரு நாள் தனி ஆளோடு மலைப்பாதையில் ஓடும். மறுநாள் பில்லியன், இரண்டு பக்கப் பெட்டி நிறைய சாமானோடு நெடுஞ்சாலையில் ஓடும். இரண்டுக்கும் ஈடுகொடுக்கத்தான் திருகிச் சரிசெய்யும் இடங்கள் இதில் அதிகம். அவை உங்கள் எடைக்கும் உயரத்துக்கும் அமையாத வரை, நீங்கள் குறை சொல்வது பெரும்பாலும் யாரோ வைத்துவிட்டுப் போன செட்டிங்கைத்தான்.

டெஸ்ட் ரைடிலேயே தொடங்கும் தவறு

ஷோரூம் டெமோ பைக்கில் பெட்ரோல் பாதிக்கும் கீழேதான் இருக்கும். 19 லிட்டர் டேங்க் நிறைந்தால் பெட்ரோல் மட்டும் சுமார் 14 கிலோ. அதுவும் பைக்கின் உச்சியில் உட்காரும் எடை. காலி டேங்கோடு "லேசா இருக்கு" என்று வாங்கிய பைக்கைத்தான், டேங்க் நிரப்பி பார்க்கிங்கில் பின்னால் தள்ளும்போது கால் தடுமாறிக் கீழே போடுகிறார்கள். டேங்க் நிறைந்த பைக்கை, இன்ஜினை நிறுத்திவிட்டு, ஒருமுறை கையால் தள்ளித் திருப்பிப் பாருங்கள். பத்து நிமிட ஓட்டம் சொல்லாததை அது சொல்லிவிடும்.

உச்ச சக்தி எண்ணை மட்டும் பார்ப்பது இன்னொன்று. 2022 மாடலாக வந்த இரண்டு பைக்குகளை எடுத்துக்கொள்வோம். சுசுகி ஜிஎஸ்எக்ஸ்-எஸ்1000ஜிடி சுமார் 150 குதிரைத்திறன், ஹோண்டா என்டி1100 சுமார் 100. காகிதத்தில் மலைக்கும் மடுவுக்கும் உள்ள வித்தியாசம். டார்க்கை, அதாவது இன்ஜினின் முறுக்கு விசையைப் பாருங்கள்: சுசுகிக்கு 106 நியூட்டன் மீட்டர், ஹோண்டாவுக்கு 104. ஆனால் சுசுகி அதை 9,250 ஆர்பிஎம்மில் தருகிறது, ஹோண்டா 6,250-லேயே தந்துவிடுகிறது. இரண்டு பேரும் சாமானுமாக லாரியை முந்தும் நேரத்தில் நீங்கள் இருக்கப்போவது 4,000-க்கும் 6,000-க்கும் நடுவில். எது நல்லது என்பது ஓட்டும் விதத்தைப் பொறுத்தது. உச்ச எண் மட்டும் அதைச் சொல்லாது.

காற்றைப் பார்க்காமல் பைக்கைக் குறை சொல்வது

டெலிவரி எடுத்த அன்றே செய்ய வேண்டியதும், யாரும் செய்யாததும் இதுதான். இந்த வகையில் வழக்கமான டயர் அளவு முன்னால் 120/70, பின்னால் 180/55 அல்லது 190/50, இரண்டும் 17 அங்குலம். பல மாடல்களுக்கு முன் 36, பின் 42 பிஎஸ்ஐ. உங்கள் பைக்குக்கு உரியது, பின்சக்கரத்தைத் தாங்கும் ஸ்விங்கார்மில் ஒட்டிய ஸ்டிக்கரிலோ மேனுவலிலோ இருக்கும். முன் டயரில் ஐந்து பிஎஸ்ஐ குறைந்தாலே ஸ்டியரிங் கனக்கும், திருப்பத்தில் பைக் நிமிரப் பார்க்கும். அதிகமாக இருந்தால் சின்னப் பள்ளம்கூட முதுகில் இறங்கும். "சஸ்பென்ஷன் கல்லு மாதிரி" என்ற புகார்களில் கணிசமானவை காற்றுப் புகார்கள்தான்.

டயர் குளிர்ந்திருக்கும்போது, அதாவது மூன்று மணி நேரமாவது நின்ற பிறகு, சொந்த கேஜில் அளக்க வேண்டும். ஓட்டி முடித்ததும் அளந்தால் சில பிஎஸ்ஐ கூடுதலாகக் காட்டும். "அதிகமாயிடுச்சு" என்று அப்போது காற்றை இறக்கினால் மறுநாள் காலை குறைந்த காற்றோடு கிளம்புவீர்கள்.

புது டயரின் மேல்பரப்பு வழுவழுப்பாக இருக்கும். சுமார் 150 கி.மீ. வரை சாய்வைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கூட்டுங்கள், திடீர் பிரேக்கும் முழு த்ராட்டிலும் வேண்டாம். டிராக்‌ஷன் கன்ட்ரோல் இருக்கிறதே என்ற தைரியம் இங்கே உதவாது. வழுக்கத் தொடங்கிய பிறகுதான் அதற்கு வேலை.

ப்ரீலோட் கூட்டினால் ஸ்ப்ரிங் கடினமாகும் என்ற நம்பிக்கை

இதுதான் தவறுகளில் தாய்த் தவறு. ப்ரீலோட் என்பது ஸ்ப்ரிங்கை முன்கூட்டியே அமுக்கி வைக்கும் அளவு. அதன் திருகு ஸ்ப்ரிங்கின் கடினத்தை மாற்றாது. ஆள் ஏறியதும் பைக் எவ்வளவு உயரத்தில் நிற்கிறது என்பதைத்தான் மாற்றும். அந்த உயரம் தவறானால் மற்றவை எல்லாம் தவறும். பின்பக்கம் அதிகம் தாழ்ந்தால் முன் ஃபோர்க் சாய்வு கூடி, ஸ்டியரிங் மந்தமாகி, ஹெட்லைட் எதிரில் வருபவர் கண்ணைக் குத்தும்.

அளக்க வேண்டியது சாக், அதாவது எடையில் பைக் இறங்கும் அளவு. டேப்பும் உதவிக்கு இரண்டு பேரும் போதும்.

பின்சக்கரம் தரையைத் தொடாதபடி சென்டர் ஸ்டாண்டில் நிறுத்தி, ஆக்ஸிலின் நடுவிலிருந்து நேர் மேலே வால்பகுதியில் ஒரு டேப் துண்டு ஒட்டி அளவெடுங்கள்: இது 'அ'. ஸ்டாண்டிலிருந்து இறக்கி, பைக் தன் எடையில் மட்டும் நிற்கும்போது 'ஆ'. ஹெல்மெட், ஜாக்கெட், பூட்ஸ் எல்லாம் போட்டு, கால்களை ஃபுட்பெக்கில் வைத்து உட்காருங்கள். ஒருவர் முன்னால் பிடிக்க, இன்னொருவர் அளக்க வேண்டும்: 'இ'. சீல்களின் உராய்வால் எண் ஏமாற்றும். அதனால் பைக்கை அமுக்கி மெதுவாக மேலே வரவிட்டு ஒருமுறை, தூக்கி மெதுவாக இறங்கவிட்டு ஒருமுறை அளந்து சராசரி எடுங்கள்.

'அ'விலிருந்து 'இ'யைக் கழித்தால் ஆளோடு சாக். சாலை ஓட்டத்துக்கு 30 முதல் 40 மி.மீ. சரி. அதைவிட அதிகமென்றால் ப்ரீலோடைக் கூட்டுங்கள், குறைவென்றால் இறக்குங்கள். அதன் பிறகு 'அ'விலிருந்து 'ஆ'வைக் கழித்துப் பாருங்கள். 5 முதல் 15 மி.மீ. இருந்தால் ஸ்ப்ரிங் உங்கள் எடைக்குப் பொருத்தம். ஆளோடு சாக் சரியாக இருந்தும் இந்த எண் பூஜ்யமாக வந்தால், ஸ்ப்ரிங் உங்களுக்கு மெலிசு. கேட்கத் தலைகீழாகத் தோன்றும். மெலிசான ஸ்ப்ரிங்கை அளவுக்கு மீறி அமுக்கி வைத்துத்தான் அந்த உயரத்தைப் பிடித்திருக்கிறீர்கள் என்பதே காரணம். திருகால் தீராத சிக்கல் இது. இங்கே பாகம் மாற்றும் செலவுக்கு அர்த்தம் உண்டு.

பில்லியனும் பெட்டியும் ஏறும்போது பின் ப்ரீலோடைக் கூட்ட வேண்டும், இறங்கியதும் பழைய இடத்துக்குக் கொண்டுவர வேண்டும். பல பைக்குகளில் கையால் திருகும் குமிழைச் சீட்டுக்குக் கீழே வெளியில் வைத்திருப்பது இதற்காகத்தான். எலக்ட்ரானிக் சஸ்பென்ஷன் உள்ள பைக்கில் திரையில் ஒற்றை ஹெல்மெட் படம், ஹெல்மெட்டோடு பெட்டி, இரட்டை ஹெல்மெட் என்று இருக்கும். தானே சரிசெய்யாத மாடல்களில் இதை ஒற்றை ஹெல்மெட்டிலேயே விட்டுவிட்டு ஊர்சுற்றுகிறவர்கள் ஏராளம்.

ரீபவுண்ட் (சஸ்பென்ஷன் திரும்பி எழும் வேகம்), கம்ப்ரெஷன் (அது அமுங்கும் வேகம்) திருகுகளில் கை வைக்கும் முன், கடிகார முள் சுற்றும் திசையில் முழுவதும் மெதுவாக மூடிக் கிளிக்குகளை எண்ணி எழுதிக்கொண்டு, அதே எண்ணுக்குத் திரும்பக் கொண்டுவாருங்கள். முட்டும் இடத்தில் அழுத்தினால் உள்ளே இருக்கும் ஊசி வால்வு கெட்டுவிடும். ஒரு நேரத்தில் ஒரு திருகு, இரண்டு கிளிக், அதே சாலை. எல்லாவற்றையும் ஒன்றாக மாற்றினால் எது உதவியது என்று கடைசிவரை தெரியாது.

இன்ஜின், கியர், பிரேக்: பழகும் முன்னே பழி

புது இன்ஜின் பழகும் ரன்-இன் காலத்தில் இரண்டு எதிரெதிர் தவறுகள். வாங்கிய அன்றே சிவப்புக் கோடுவரை முறுக்குவது எல்லோருக்கும் தெரிந்த தவறு. நெடுஞ்சாலையில் ஒரே வேகத்தில், குறைந்த ஆர்பிஎம்மில், க்ரூஸ் கன்ட்ரோல் போட்டு நூற்றுக்கணக்கான கிலோமீட்டர் ஓட்டுவதும் தவறுதான். பிஸ்டன் ரிங் சிலிண்டர் சுவரோடு பொருந்த, உள்ளே எரியும் வாயுவின் அழுத்தம் அதைச் சுவரில் அமுக்க வேண்டும். சுமையே இல்லாமல் ஓட்டினால் சுவர் வழுவழுத்துப்போய், பின்னால் ஆயில் குடிக்கத் தொடங்கலாம். மேனுவல் சொல்லும் ஆர்பிஎம் வரம்புக்குள், ஏற்றி இறக்கி, மிதமான சுமை கொடுத்து ஓட்டுங்கள்.

பெரும்பாலும் 1,000 கி.மீ.யில் வரும் முதல் சர்வீஸில் ஆயிலும் ஃபில்டரும் மாற வேண்டும். தேய்ந்து வந்த உலோகத் துகள்கள் அதில்தான் இருக்கும். புது ஆயில், ஆயிலில் மூழ்கிய கிளட்ச் உள்ள பைக்குகளுக்கான ஜாசோ எம்ஏ2 தரமா என்று பாருங்கள். உராய்வு குறைக்கும் சேர்க்கை உள்ள கார் ஆயிலை ஊற்றினால் அந்தக் கிளட்ச் வழுக்கும். கடினமான கியர் மாற்றம் பெரும்பாலும் இந்த சர்வீஸுக்குப் பிறகு இளகும்.

குவிக்‌ஷிஃப்டரை (கிளட்ச் பிடிக்காமலே கியர் மாற்றும் வசதி) ஊருக்குள் வைத்து மதிப்பிடாதீர்கள். குறைந்த ஆர்பிஎம், லேசான த்ராட்டிலில் அது எந்த பைக்கிலும் உதைக்கும். அங்கே கிளட்ச் பிடிப்பதே நல்லது. கியர் லீவர்மேல் காலை ஓய்வாக வைக்கும் பழக்கம் இருந்தால் சென்சார் அதைக் கியர் மாற்றமாக எடுத்துக்கொண்டு இன்ஜினை ஒரு கணம் வெட்டும். "ஓடும்போது திடீர்னு இடிக்குது" என்று சர்வீஸ் சென்டருக்குப் போகும் பைக்குகளில் சிலவற்றின் நோய் இதுதான்.

புது பிரேக் மரக்கட்டை போல இருப்பது இயல்பு. காலியான சாலையில் 60 கி.மீ. வேகத்திலிருந்து 10 வரை, பத்துப் பதினைந்து முறை, ஒரே சீராக அழுத்திக் குறையுங்கள். நடுநடுவே ஆறவிடுங்கள். சூடான டிஸ்க்கில் பேடை அழுத்திப் பிடித்தபடி நின்றுவிடாதீர்கள், பேடின் பொருள் அந்த இடத்தில் ஒட்டிக்கொண்டு பின்னால் லீவர் துடிக்கும்.

மைலேஜுக்குத் திரை காட்டும் எண்ணை நம்ப வேண்டாம். டேங்க் நிரப்பி, ஓட்டி, மறுபடி நிரப்பிக் கணக்கிடுங்கள்.

உயரமான கண்ணாடி வாங்குவதற்கு முன்

ஹெல்மெட் குலுங்கினால் கண்ணாடி குட்டை என்று முடிவுகட்டுவது சுலபம். குலுக்குவது காற்றின் வேகம் அல்ல, கண்ணாடியின் விளிம்பில் சுருண்டு வரும் காற்று. காலியான நேர்ச்சாலையில், அந்தக் குலுக்கல் வரும் வேகத்தில், சீட்டிலிருந்து சில அங்குலம் எழுந்து பாருங்கள். பிறகு குனிந்து பாருங்கள். எழுந்ததும் சீரான காற்று கிடைத்தால் உங்களுக்கு வேண்டியது இன்னும் குட்டையான கண்ணாடி, அல்லது இருப்பதையே கீழிறக்குவது. சற்றுக் குனிந்ததும் அமைதியானால்தான் உயரமானது. இன்னொரு ஹெல்மெட்டோடும் ஒருமுறை ஓட்டிப் பாருங்கள்.

மணிக்கட்டு வலிக்கும் இதே பொறுமை வேண்டும். முன்கையும் நீட்டிய விரல்களும் ஒரே கோட்டில் வரும்படி லீவரைக் கீழே திருப்புங்கள், முழங்கால்களால் டேங்கைப் பிடித்து உடலைத் தாங்குங்கள். அப்புறமும் வலித்தால் ரைசர். பொருத்தினால் இரு பக்கமும் முழுக்கத் திருப்பி, பிரேக் ஹோஸும் கேபிள்களும் இழுபடுகிறதா என்று பாருங்கள்.

பெட்டிக் கணக்கு

பெட்டியில் இடம் இருக்கிறது என்பதற்காக நிரப்பக் கூடாது. அனுமதித்த மொத்த எடை 435 கிலோ, பைக் 235 கிலோ என்றால் மிச்சம் 200. ஹெல்மெட், ஜாக்கெட்டோடு இரண்டு பேர் 165 கிலோ. மீதி 35. அதில் பெட்டிகளின் சொந்த எடையே பத்து கிலோவைத் தாண்டலாம். பக்கப் பெட்டி பலவற்றில் மூடியின் உட்புறம் வரம்பு எழுதியிருக்கும். பத்து கிலோ என்பது சாதாரணம், டாப் பாக்ஸுக்கு அதைவிடக் குறைவு. டாப் பாக்ஸ் பின் ஆக்ஸிலுக்கும் பின்னால் தொங்குகிறது. அங்கே கனம் வைத்தால் முன்சக்கரம் லேசாகி, வேகத்தில் பைக் வாலாட்டும். கருவிகளும் தண்ணீரும் பக்கப் பெட்டியின் அடியில், துணிகள் மேலே.

செயின் தொய்வையும் இந்தச் சுமையை மனதில் வைத்துப் பாருங்கள். சஸ்பென்ஷன் அமுங்கும்போது செயின் இறுகும். ஸ்டாண்டில் "டைட்டா, அழகா" இருக்கும் செயின், இரண்டு பேர் ஏறிப் பள்ளத்தில் விழும்போது கியர்பாக்ஸ் வெளித்தண்டின் பேரிங்கை இழுக்கும். மேனுவல் சொல்லும் நிலையில் நிறுத்தி, சக்கரத்தைச் சுற்றி, மிக இறுக்கமான இடத்தில் அளக்க வேண்டும். முதல் சர்வீஸ் முடிந்து பைக் கைக்கு வந்ததும் இதை மறுபடி அளந்துவிடுங்கள், அங்கே அளவுக்கு மீறி இறுக்கி அனுப்புவது அடிக்கடி நடக்கிறது. காற்றையும், எழுதி வைத்த கிளிக் எண்களையும் கையோடு சரிபார்த்துக்கொள்ளுங்கள்.