பற்கவசத்துக்குக் கிருமியெதிர்ப்புப் பொருளை உருவாக்கும் முறை

ரக்பி பயிற்சி முடித்து வரும் பிள்ளையின் பைக்குள் ஈரம் காயாமல் கிடக்கும் பற்கவச (பற்களை அடியிலிருந்து காக்க வாயில் அணியும் உறை) டப்பாவைத் திறந்து முகர்ந்தாலே இந்த ஆய்வின் தேவை விளங்கும். சிங்கப்பூரின் புழுக்கத்தில், எச்சில் படிந்த பிளாஸ்டிக்கின் மேல் ஸ்ட்ரெப்டோகாக்கஸ் மியூட்டன்ஸ் போன்ற பாக்டீரியாக்களும் கேண்டிடா பூஞ்சையும் எளிதில் படலமாகப் படிந்துவிடும். பலதுறைத் தொழிற்கல்லூரிகளில் இதைத் திட்டப்பணியாக எடுக்கும் மாணவர்களுக்காக இந்த வழிமுறையை எழுதுகிறேன்.

அடிப்படைப் பொருளாக, பற்கவசங்களுக்கு வழக்கமாகப் பயன்படும் எத்திலீன் வினைல் அசிட்டேட் என்னும் மென்மையான பிளாஸ்டிக்கையே கொள்ளுங்கள்; இதைத் தகடாக்கி, அந்தத் தகட்டிலிருந்தே கவசம் செய்யப்படுகிறது. கிருமியெதிர்ப்புக்கு நான் துத்தநாக ஆக்சைடையே பரிந்துரைப்பேன். வெள்ளித் துகள் வீரியமானதுதான், ஆனால் தகட்டைப் பழுப்பாக்கிவிடும், அந்த நிறத்தை வாயில் வைக்க எவரும் விரும்புவதில்லை. துத்தநாக ஆக்சைடுத் துகளை எடையில் 1, 3, 5 விழுக்காடு எனக் கலந்து தகடுகள் செய்து, ஒப்பிடுவதற்காகத் துகள் சேராத தகடு ஒன்றையும் அதே எந்திரத்தில் அதே வெப்பத்தில் தயாரியுங்கள். அது இல்லாமல் எந்த முடிவும் நிற்காது. கலவையை 120 முதல் 150 டிகிரி செல்சியஸுக்குள் உருக்கினால் போதும். வினிகர் வாடை எழுந்தால் வெப்பம் மிகுந்து பாலிமர் சிதைந்து அசிட்டிக் அமிலம் வெளிவருகிறது என்று பொருள். அந்தத் தொகுதியை ஒதுக்கிவிடுங்கள். தகட்டை விளக்கொளியில் பிடித்துப் பாருங்கள்: வெண்புள்ளிகள் தெரிந்தால் துகள்கள் திரண்டிருக்கின்றன, கடிக்கும்போது விரிசல் அங்கிருந்துதான் தொடங்கும்.

பலரும் தவறுவது சோதனையில்தான். தட்டையான புதுத் தகட்டைச் சோதித்துவிட்டு வெற்றி என்று எழுதிவிடுகிறார்கள். ஆனால் பற்கவசம் செய்கையில், தகடு சூடாக்கப்பட்டுப் பல்வரிசை அச்சின் மேல் இழுக்கப்படும்போது மெலிகிறது, மேற்பரப்பும் மாறுகிறது. எனவே முதலில் தகட்டைச் சூடாக்கி ஒரு தட்டைக் கட்டையின் மேல் இழுத்து, மெலிந்த பகுதியிலிருந்தே மாதிரிகளை வெட்டுங்கள். பிளாஸ்டிக் மேற்பரப்பின் பாக்டீரியா எதிர்ப்பை அளக்கும் பன்னாட்டுத் தரமுறையான ஐஎஸ்ஓ 22196-இன்படி, 5 செ.மீ. சதுர மாதிரியின் மேல் 0.4 மி.லி. கிருமிக் கரைசலை இட்டு, மெல்லிய படலத்தால் மூடி, 35 டிகிரியில் 24 மணி நேரம் வைத்து, உயிரோடு எஞ்சிய கிருமிகளை எண்ண வேண்டும். துகள் சேராத தகட்டோடு ஒப்பிடுகையில் மடக்கை அளவில் 2 குறைந்தால், அதாவது 99 விழுக்காடு குறைந்தால், பயனுள்ளது எனக் கொள்ளலாம். அதன் பின், 37 டிகிரி செயற்கை உமிழ்நீரில் சில வாரங்கள் ஊறவைத்து, பல்துலக்கியால் தேய்த்து, அதே சோதனையை மீண்டும் செய்யுங்கள்; என் கணக்கில் அந்த இரண்டாவது எண்தான் உண்மையான விடை.

ஐஎஸ்ஓ 10993-5 முறையில் உயிரணு நச்சுத்தன்மையை (பொருள் உடல் உயிரணுக்களைக் கெடுக்கிறதா என்பதை) கட்டாயம் அளவிடுங்கள்; தனியே மோதல் தாங்கும் திறனையும் அளவிடுங்கள். 5 விழுக்காட்டுத் தகடு கிருமியை நன்றாகக் கொன்றும் அடியைக் குறைவாகத் தாங்கினால், தயங்காமல் 3 விழுக்காட்டுக்கு இறங்குங்கள்.