நெல் கழனியில் நீர்க்குழாய் பதிப்பது எப்படி? காய்ச்சலும் பாய்ச்சலுமாகத் தண்ணீர் விட ஒரு செய்முறை

நெல் கழனியில் மேலே தண்ணீர் வற்றியதும், பயிருக்குத் தாகம் வந்துவிட்டது என்று மோட்டாரைப் போடுகிறோம். ஆனால் மேலே வெறும் சேறு தெரிகிற நாளிலும் நாலைந்து விரற்கடை ஆழத்தில், வேர் இருக்கும் இடத்தில், தண்ணீர் நின்றுகொண்டுதான் இருக்கும். அதைக் கண்ணால் பார்க்க, ஓட்டை போட்ட பிளாஸ்டிக் குழாய்த் துண்டு ஒன்று போதும். செய்யாறு பக்கம் எங்கள் போர்வெல் கழனியில் நவரை, சொர்ணவாரி என்ற இரண்டு பட்டத்துக்கும் (பயிர்ப் பருவத்துக்கும்) இதைப் பார்த்துத்தான் தண்ணீர் விடுகிறோம். எப்போதும் நிறுத்தி வைக்காமல், தண்ணீரை இறங்கவிட்டு மறுபடி பாய்ச்சுவதைத்தான் காய்ச்சலும் பாய்ச்சலும் என்கிறோம். பலரும் கேட்டதால் முழுச் செய்முறையையும் எழுதிவிடுகிறேன். சேற்றுழவு, நடவு, அடியுரம் எல்லாம் உங்களுக்குத் தெரியும் என்று எடுத்துக்கொள்கிறேன்.

பிலிப்பைன்சில் லாஸ் பானோஸ் என்ற ஊரில், 1960இல் தொடங்கிய சர்வதேச நெல் ஆராய்ச்சி நிலையம் இருக்கிறது. அங்குள்ள ஆராய்ச்சியாளர்கள் இந்தக் குழாயைப் பரப்பினார்கள். 2000க்குப் பிறகு அதே நாட்டின் டார்லாக் மாகாணத்தில், பொது ஆழ்துளைக் கிணற்றை நம்பிப் பயிரிட்ட விவசாயிகளோடு சேர்ந்து முதலில் முயன்று பார்த்தார்கள். பின்னர் போஹோல் தீவின் அணைப் பாசனத்துக்கும் கொண்டுபோனார்கள். வங்கதேசத்தில் இதற்குப் பெயர் பானி பைப். நம் தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகமும் இதைப் பரிந்துரைக்கிறது. முறையாகச் செய்தால் விளைச்சல் குறையாமல் பாசன நீரில் 15 முதல் 30 சதவீதம் வரை மிச்சமாகும்.

ஒரு கிலோ நெல் விளைய மழையும் பாசனமுமாகச் சராசரியாக 2,500 லிட்டர் தண்ணீர் கழனிக்குள் போகிறது. அதில் பெரிய பங்கைப் பயிர் குடிப்பதில்லை. அடியில் இறங்குவதும் வரப்பில் கசிவதுமாகப் போய்விடுகிறது. மேலே நிற்கும் தண்ணீரின் கனம் கூடக்கூட இந்தக் கசிவும் கூடும். தண்ணீரை இறங்கவிட்டுப் பாய்ச்சினால் முதலில் குறைவது இதுதான்.

என்னென்ன வேண்டும்

பிவிசி குழாய் 30 சென்டிமீட்டர் நீளம், டிரில் மெஷின், 5 மில்லிமீட்டர் பிட், அளவுகோல், பெயின்ட். ஆராய்ச்சி நிலையம் 10 முதல் 15 சென்டிமீட்டர் விட்டம் போதும் என்கிறது. என் சொந்தக் கருத்து: ஆறு அங்குலக் குழாயே வாங்குங்கள். நாலு அங்குலம் மலிவுதான், ஆனால் பதித்த பிறகு உள்ளே இருக்கும் சேற்றை அள்ளக் கை நுழையாது. அந்த வேலைதான் முக்கியம் என்பதால் இதில் காசு மிச்சம் பிடிக்க வேண்டாம். கெட்டியான, அழுத்தம் தாங்கும் குழாய் தேவையில்லை. இருப்பதில் மெல்லியதே போதும். பைப் கடையில் வெட்டி மீந்த துண்டுகளைக் கேட்டுப் பாருங்கள். மூங்கிலிலும் செய்யலாம், குடைந்து ஓட்டை போடும் பொறுமை இருந்தால் நன்றாகவே உழைக்கும்.

குழாயின் கீழ்ப் பாதியில், அதாவது 15 சென்டிமீட்டருக்கு மட்டும், சுற்றிலும் 2 சென்டிமீட்டர் இடைவெளியில் ஓட்டை போடுங்கள். மேல் பாதியில் போட வேண்டாம். பிசிறுகளைக் கத்தியால் சுரண்டிவிடுங்கள். இல்லாவிட்டால் அதில்தான் சேறு ஒட்டும். உள்பக்கம், நடுவில் தரைமட்டத்துக்கு ஒரு கோடு, அதற்குக் கீழே 10 சென்டிமீட்டரில் சிவப்பாக ஒரு கோடு. வெளிப்பக்கம் மேல் விளிம்பில் பளிச்சென்று பெயின்ட் அடியுங்கள். பயிர் வளர்ந்த பிறகு குழாயைத் தேடிக்கொண்டு நிற்கக் கூடாது.

எங்கே, எப்போது

வரப்பிலிருந்து எட்டிப் பார்க்கிற தூரத்தில், ஆனால் வரப்பை ஒட்டி இல்லாமல். மடை வாய்க்குப் பக்கத்தில் வேண்டாம். மேடும் வேண்டாம், பள்ளமும் வேண்டாம். கழனி சமமாக இல்லையென்றால் குழாய் எவ்வளவு சரியாக இருந்தும் பயனில்லை. பள்ளத்தில் தண்ணீர் நிற்கும்போதே மேட்டில் பயிர் வாடும். அதனால் பரம்படிக்கும்போதே சமன் பார்த்துவிடுங்கள்.

நடவு முடிந்த ஒன்றிரண்டு வாரத்தில் காயவிடுவதைத் தொடங்கலாம். களை அதிகம் வருகிற கழனி என்றால் இன்னும் இரண்டு மூன்று வாரம் தண்ணீரை நிறுத்தியே வையுங்கள். தண்ணீர்ப் போர்வையை முதலிலேயே எடுத்துவிட்டால் களை முந்திக்கொள்ளும்.

பதிப்பதும் சோதிப்பதும்

இந்த இடத்தில்தான் நான் அதிக நேரம் மண்டையைக் குடைந்துகொண்டு நின்றேன், அதனால் நிதானமாகச் சொல்கிறேன்.

குழாயை நேராக நிறுத்தி, மேலே ஒரு பலகை வைத்துத் தட்டி, பாதி மண்ணுக்குள் போகும்வரை இறக்குங்கள். ஓட்டை உள்ள பகுதி முழுக்க மண்ணுக்குள், ஓட்டை இல்லாத 15 சென்டிமீட்டர் வெளியே. இறங்கும்போது அடியில் சட்டென்று கெட்டியாக மோதினால் அங்கேயே நிறுத்திவிடுங்கள். அது வருஷக்கணக்கான சேற்றுழவில் இறுகிப்போன அடுக்கு. கழனித் தண்ணீரைத் தாங்கிப் பிடிப்பதே அதுதான். அதைத் துளைத்தால் குழாய்க்குள் இருக்கும் தண்ணீர் கீழே ஓடிவிடும். கழனியில் ஈரம் இருந்தாலும் குழாய் வற்றியதாகவே காட்டும். உங்கள் மண்ணில் அந்த அடுக்கு மேலாகவே இருந்தால், குழாயின் அடியை அந்த அளவுக்கு வெட்டிக் குறைத்துப் பதியுங்கள்.

பிறகு உள்ளே அடைந்திருக்கும் சேற்றை முழுவதும் கையால் அள்ளி எடுத்துவிடுங்கள், குழாயின் அடி விளிம்பு கைக்குத் தட்டுப்படும்வரை. உள்ளே மண் இருந்தால் நீங்கள் பார்ப்பது தண்ணீர் மட்டத்தை அல்ல, சேற்றைத்தான். அள்ளி முடித்தால் அது கழனிக்குள் ஒரு குட்டிக் கிணறு. சுற்றியுள்ள மண்ணில் தண்ணீர் எந்த மட்டத்தில் இருக்கிறதோ அதே மட்டத்தில் உள்ளேயும் நிற்க வேண்டும்.

நிற்கிறதா என்று சோதியுங்கள். கழனியில் தண்ணீர் நிற்கும் நாளில் குழாய்க்குள் இருப்பதை ஒரு டம்ளரால் மொண்டு வெளியே ஊற்றிவிட்டு, சில மணி நேரம் கழித்து வந்து பாருங்கள். உள்ளேயும் வெளியேயும் ஒரே மட்டம் என்றால் குழாய் சரி. உள்ளே குறைவாகவே இருந்தால் ஓட்டைகள் களிமண்ணால் அடைத்திருக்கின்றன. பிடுங்கிக் கழுவி, திரும்பப் பதித்து, திரும்பச் சோதியுங்கள். எங்களுடையது பிசுபிசுப்பான களி. கொசுவலைத் துணியைக் கீழ்ப் பாதியில் ஒரு சுற்றுச் சுற்றி நைலான் கயிற்றால் கட்டிய பிறகுதான் நம்பகமாக வேலை செய்தது. இந்தச் சோதனையைச் செய்யாமல் குழாயை நம்பித் தண்ணீரை நிறுத்த வேண்டாம். பட்டம் முழுவதும் எடுக்கப்போகும் முடிவெல்லாம் இந்த ஒரு மட்டத்தைப் பார்த்துத்தான்.

பாய்ச்சுவது

தரைக்கு மேல் 5 சென்டிமீட்டர் நிற்கும்படி விடுங்கள். பிறகு மோட்டாரை மறந்துவிட்டுக் காலையில் குழாயை மட்டும் பாருங்கள். தரைக்குக் கீழே 15 சென்டிமீட்டர் இறங்கும்வரை பயிருக்கு ஒன்றும் ஆகாது என்பதுதான் ஆராய்ச்சி நிலையத்தின் கணக்கு. குழாயின் அடியில் தண்ணீர் தெரியாமல் போகும் நிலை அது. முதல் பட்டத்துக்கு நான் 10 சென்டிமீட்டர் கோட்டைத்தான் சொல்வேன். பயிரையும் மண்ணையும் பார்த்து நம்பிக்கை வந்தபின் 15க்குப் போகலாம். மேலே முடிக்கோடு போல மெல்லிய வெடிப்பு விட்டால் பதறாதீர்கள். வரப்பில் போகிறவர்கள் "இன்னாப்பா, கழனி காயுது, தண்ணி உடலயா?" என்று கேட்பார்கள். கூப்பிட்டுக் குழாயைக் காட்டுங்கள், அதைவிட நல்ல பதில் இல்லை.

பூக்கும் பருவத்தில் மட்டும் காயவிடவே கூடாது. பூப்பதற்கு ஒரு வாரம் முன்பிருந்து பூத்து ஒரு வாரம் பின்புவரை 5 சென்டிமீட்டர் தண்ணீர் நிற்க வேண்டும். அப்போது தாகம் எடுத்தால் மணி பிடிக்காமல் பதராகிவிடும். அது முடிந்ததும் மறுபடி காய்ச்சலும் பாய்ச்சலும்.

மேலுரமாக யூரியா போடுவதைக் குழாயோடு இணைத்துக்கொள்ளுங்கள். மட்டம் இறங்கிக் கழனி காய்ந்திருக்கும் நாளில் தூவி, உடனே தண்ணீர் பாய்ச்சினால் உரம் மண்ணுக்குள் இறங்கும்.

மின்சாரம் இலவசம்தானே, எதற்கு இந்தப் பாடு?

இதை என்னிடம் நிறையப் பேர் கேட்டார்கள். நம் ஊரில் பம்புசெட்டுக்குக் கட்டணம் இல்லை, அதனால் மிச்சம் பிடித்த தண்ணீர் பணமாகக் கைக்கு வராது. வங்கதேசத்திலும் பல இடங்களில், பட்டத்துக்கு இவ்வளவு என்று பம்புக்காரருக்கு மொத்தமாகக் கொடுக்கிறார்கள். எத்தனை தடவை பாய்ச்சினாலும் ஒரே தொகை என்றால் குழாய் பார்க்க யாருக்கு மனம் வரும்? டார்லாக்கில் தண்ணீர் இறைக்க எரிபொருள் செலவு இருந்தது, அதனால் பலன் உடனே தெரிந்தது. நமக்குச் செலவு போர்வெல்லின் ஆழத்தில் ஏறுகிறது. நிலத்தடித் தண்ணீர் மட்டம் இறங்கி, போர்வெல் குழாயை இன்னும் ஆழமாக இறக்கி, மோட்டாரை மாற்றியவர்களுக்கு அது தெரியும். நம் பிள்ளைகள் கழனி வைக்க வேண்டுமென்றால் அடியில் தண்ணீர் இருக்க வேண்டும். மும்முனை மின்சாரம் வரும் நேரத்தை மற்றப் பயிருக்கு ஒதுக்கவும் முடிகிறது.

இன்னொரு பலனும் உண்டு. எப்போதும் நீர் நிற்கும் சேற்றில் காற்று நுழையாது. அங்கே வாழும் நுண்ணுயிர்கள் பூமியைச் சூடாக்கும் மீத்தேன் வாயுவை உண்டாக்குகின்றன. அது நெல் தண்டின் வழியாகவே மேலே வருகிறது. பலமுறை காயவிட்ட கழனியில் அது ஏறக்குறைய பாதியாகக் குறையும் என்று ஐநாவின் காலநிலைக் குழு கணக்கிடுகிறது.

பின்னூட்டங்களைப் பார்த்துச் சேர்த்தவை

மட்டம் ஒரே ராத்திரியில் மடமடவென்று இறங்குகிறது என்றார் ஒரு வாசகர். முதலில் வரப்பைச் சுற்றி நடந்து பாருங்கள். நண்டு வளையும் எலி வளையும்தான் பெரும்பாலும் காரணம். அடைத்து, வரப்பைச் சேறு பூசிய பிறகு குழாயைப் பாருங்கள்.

காயவிட்டதும் பயிர் மஞ்சளாகிறது என்று இரண்டு பேர் எழுதியிருந்தார்கள். தண்ணீர்க் குறையா தழைச்சத்துக் குறையா என்று பிரித்துப் பார்க்க வேளாண் பல்கலைக்கழகத்தின் இலை வண்ண அட்டை உதவும். வெளிர் பச்சையிலிருந்து அடர் பச்சை வரை எண் போட்ட பட்டைகள் அதில் இருக்கும். நடவு செய்து 14 நாளிலிருந்து, முழுதாக விரிந்த இளம் இலையை உங்கள் உடம்பு நிழலில் வைத்து ஒப்பிடுங்கள். பத்து இலையில் ஆறு அல்லது அதற்கு மேல் வரம்பைவிடக் குறைந்த எண் காட்டினால் யூரியா தேவை. வெள்ளைப் பொன்னிக்கு வரம்பு 3, மற்ற ரகங்களுக்கு 4. ஒரே ஆள், காலை 8 முதல் 10 மணிக்குள் பார்ப்பது நல்லது.

உவர் நிலத்தில் செய்யலாமா? வேண்டாம். காயக்காய உப்பு மேலேறும். ஐப்பசி, கார்த்திகை மழையில் சம்பாவுக்கு இந்தக் குழாய் சும்மாதான் நிற்கும், அதில் தப்பில்லை. முறை வைத்துக் கால்வாய்த் தண்ணீர் வருகிற ஊர்களில், உங்கள் முறை எப்போது என்று உறுதியாகத் தெரிந்தால் மட்டும் காயவிடுங்கள்.

அப்புறம், அறுவடை மெஷின் இறங்குவதற்கு முன்பு குழாயைப் பிடுங்கிவிடுங்கள். கழுவி, ஓட்டைகளைக் குத்திச் சுத்தம் செய்து நிழலில் வைத்தால் அடுத்த பட்டத்துக்கு அதே குழாய் ஆகும். கொசுவலைத் துணியை மட்டும் புதிதாகக் கட்டிக்கொள்ளுங்கள்.