பெரிய மீனுக்கு பிளைவுட் தொட்டி: எபாக்சி பூச்சை அவசரப்படுத்தாதீர்கள்

சென்னை கொளத்தூர் வண்ணமீன் சந்தையில் விரல் நீளத்தில் வாங்கிய ஆஸ்கர் மீன் ஓர் அடி வளர்ந்துவிடும். சில்வர் அரோவானா மூன்று அடியை நெருங்கும். அந்த அளவுக்கு முழுக் கண்ணாடித் தொட்டி கட்டினால் கண்ணாடிச் செலவே மலைக்க வைக்கும். எட்டடிக்கு நாலடி, உயரம் இரண்டரை அடி என்று நான் பிளைவுட்டில் கட்டினேன். முன்பக்கம் மட்டும்தான் கண்ணாடி.

தண்ணீர் இரண்டடி நின்றால் ஏறத்தாழ 1,700 லிட்டர், அதாவது சதுர மீட்டருக்கு சுமார் 570 கிலோ. வீட்டு அறைகளின் தளத்தை 200 கிலோ கணக்கில்தான் வடிவமைக்கிறார்கள். ஆகவே தரைத்தளம் தவிர வேறெங்கும் வேண்டாம்.

ஐஎஸ் 710 (மரைன் பிளைவுட்டுக்கான இந்தியத் தரக் குறியீடு) முத்திரையுள்ள 19 மி.மீ. மரைன் பிளைவுட் நாலு ஷீட் வாங்குங்கள். விலை குறைவென்று வேறு ரகம் வாங்கக் கூடாது. எபாக்சி என்பது ரெசின், ஹார்டனர் என்ற இரண்டு திரவங்களைக் கலந்தால் இறுகும் பிசின். மூட்டுகளில் எபாக்சி பசை தடவி, ஆறு அங்குலத்துக்கு ஒரு எஸ்எஸ் (துருப்பிடிக்காத எஃகு) ஸ்குரூ போடுங்கள். முன்பலகையில் சுற்றிலும் நாலு அங்குலம் விட்டு ஜன்னல் வெட்டுங்கள். மிஞ்சிய துண்டுகளை மேல்விளிம்பைச் சுற்றிப் படுக்கையாக அடித்து, நடுவில் ஒரு குறுக்குக் கட்டையும் கொடுங்கள். தண்ணீர் முன்பக்கத்தைச் சுமார் 440 கிலோ எடைக்குச் சமமாகத் தள்ளும். இந்தச் சட்டம் இல்லாவிட்டால் பலகை புடைக்கும்.

இனி மரத்தில் தண்ணீர் ஏறாமல் காக்கும் எபாக்சி பூச்சு. இதில்தான் எனக்கு அதிக நேரம் போனது.

முதலில் உள்மூலைகளில் எபாக்சியோடு மரத்தூள் குழைத்து வளைவாக நிரப்பி, மேலே ஃபைபர் துணி ஒட்டுங்கள். பிறகு முழுப் பூச்சு. அதைக் காலையில் ஆரம்பிக்காதீர்கள். வெயில் ஏற ஏற மரத்துக்குள் இருக்கும் காற்று விரிந்து, ஈரப்பூச்சைக் கிழித்துக்கொண்டு வெளியே வரும். அங்கெல்லாம் ஊசித்துளை விழும். சாயங்காலம், மரம் குளிரத் தொடங்கும்போது பூசினால் பிசின் உள்ளே இழுக்கப்படும்.

அடுத்த தொல்லை ஈரப்பதம். சென்னைக் காற்றில் காய்ந்த பூச்சின் மேல் மெழுகு போல ஒரு படலம் வரும். அதன் மேலேயே அடுத்த பூச்சைப் பூசினால் பின்னால் தோலாக உரிந்து வரும். வெறும் தண்ணீரும் பாத்திரம் தேய்க்கும் நாரும் கொண்டு கழுவித் துடைத்து, 80 நம்பர் உப்புத்தாளால் தேய்த்த பிறகே அடுத்தது. மூன்று பூச்சாவது வேண்டும். ரெசினையும் ஹார்டனரையும் கண்ணளவில் கலக்காமல், டப்பாவில் சொன்ன விகிதப்படி தராசில் நிறுத்துக் கலக்குங்கள். கலந்ததும் அகலமான தட்டில் ஊற்றிவிடுங்கள். குறுகிய டப்பாவில் விட்டால் சூடேறிப் புகையும்.

ஃபைபர் படகுக்காரர்கள் பயன்படுத்தும் பாலியஸ்டர் ரெசின் மலிவுதான். ஆனால் மரத்தில் அதன் பிடிப்பு எபாக்சி அளவுக்கு வராது. என் ஓட்டு எபாக்சிக்கே.

பூச்சு முழுதாக இறுகிய பின் 12 மி.மீ. கண்ணாடியை உள்பக்கமிருந்து வையுங்கள். அப்போது தண்ணீரே அதை ஜன்னல் விளிம்போடு அழுத்திப் பிடிக்கும். பூஞ்சைக்கொல்லி கலக்காத சிலிக்கோன் மட்டும் வாங்குங்கள், பாத்ரூமுக்கென்று விற்பது ஆகாது. கண்ணாடிக்கும் பலகைக்கும் நடுவில் 3 மி.மீ. துண்டுகள் வைத்தால் சிலிக்கோன் முழுதும் பிதுங்கிப் போகாது. இரண்டு வாரம் காயட்டும். அப்புறம் ஒரு வாரம் தண்ணீர் நிரப்பி வைத்துக் கொட்டிவிட்டு, மறுபடி நிரப்புங்கள்.

பின்சேர்க்கை: சிலிக்கோன் பட்ட இடத்தில் எபாக்சி ஒட்டவில்லை என்று இரண்டு பேர் எழுதியிருக்கிறார்கள். ஒட்டாது. எபாக்சி முதலில், சிலிக்கோன் கடைசியில். ஏற்கெனவே சிலிக்கோன் பூசிவிட்டவர்கள் அதை பிளேடால் சுரண்டி, அந்த இடத்தை மரம் தெரியும்வரை தேய்த்து எடுக்க வேண்டும்.

ரெட் டெயில் கேட்ஃபிஷுக்கு இது போதுமா என்றும் ஒருவர் கேட்டார். போதாது. அது நாலடி வரை வளரும், இந்த அகலத்தில் திரும்பக்கூட முடியாது. தயவுசெய்து அதை வாங்காதீர்கள். ஏற்கெனவே இருந்தால் ஏரியில் விடாமல், பெரிய குளம் வைத்து வளர்ப்பவரிடம் கொடுங்கள்.