விறகடுப்பை நம்பி குளிர்காலத்தைக் கடத்தப் போகிறவர்கள் விடும் பிழைகள்

2025 மார்ச் கடைசியில் உறைமழை கொட்டி, ஒன்ராறியோவில் ஒரிலியா, பீற்றர்பரோ, கவார்த்தா லேக்ஸ் பக்கமெல்லாம் மரங்கள் முறிந்து மின்கம்பிகளில் விழுந்தன. பல வீடுகளில் நாட்கணக்கில் கரண்ட் இல்லை. ரொறன்ரோவின் ஸ்காபறோவை விட்டு அந்தப் பக்கம் வீடு வாங்கிப் போன நம்மாட்களுக்கு அதற்குப் பிறகுதான் விறகடுப்பு ஞாபகம் வந்தது. குழாய் எரிவாயு எட்டாத ரோட்டுகள் அங்கே நிறைய. புரொப்பேனோ எண்ணெயோ மின்சாரமோ, எதில் சூடாக்கினாலும் ஜனவரி பில் வயிற்றைக் கலக்கும். "அண்ணை, விறகடுப்பையே முழு வீட்டுக்கும் வச்சிடலாமா?" என்று கேட்கிறார்கள். வைக்கலாம். எங்கள் வீடு அப்படித்தான் ஓடுகிறது. ஆனால் நான் அந்தக் காலத்தில் விட்ட பிழைகளையே இவர்களும் ஒன்று மாறாமல் விடுவதைப் பார்க்கும்போதுதான் பொறுக்க முடியவில்லை.

பெயின்ற் அடித்த பலகையை எரிக்காதே, பிளாஸ்டிக்கைப் போடாதே என்பதெல்லாம் எல்லோருக்கும் தெரியும். அதை விடுவோம்.

பெட்டியில் எழுதியிருக்கும் சதுர அடி

"2,000 சதுர அடி வரை சூடாக்கும்" என்று போட்டிருப்பார்கள். எந்த வீட்டின் 2,000 சதுர அடி? 1920களில் கட்டிய, சுவருக்குள் ஒன்றுமில்லாத பண்ணை வீடா, போன வருடம் கட்டியதா? அதைச் சொல்ல மாட்டார்கள். 'எதற்கும் பெரிதாகவே எடுப்போம்' என்று எடுத்தால், ஒக்டோபரிலும் ஏப்ரலிலும் வீடு அவியும். சூடு தாங்காமல் அடுப்பின் காற்றுத் துவாரத்தை மூடுவீர்கள். மூடினால் விறகு எரியாது, புகையும். அந்தப் புகை புகைக்கூட்டின் உட்சுவரில் கருந்தாராகப் படியும். கிரியோசோட் என்பது அதுதான். ஒருநாள் அதில் தீப்பிடித்தால் கூரைக்கு மேலே சுவாலை தெரியும்.

அதற்காகச் சின்ன அடுப்பும் எடுக்கக் கூடாது. இரவு பத்து மணிக்குப் போட்ட விறகு விடிய தணலாகவாவது இருக்க வேண்டும். முழுச் சூட்டுக்கும் அதை நம்புகிறவருக்கு விறகு போடும் அறை 2 முதல் 3 கன அடி வரை இருந்தால் சரிவரும். கடைக்காரர் சொல்லும் பீரீயூ என்ற வெப்ப அளவை விட்டுவிட்டு அதைக் கேளுங்கள்.

அடுப்பை வாங்கிவிட்டு, பிறகு புகைக்கூட்டைப் பற்றி யோசிப்பது

எனக்கு இன்றைக்கும் எரிச்சல் வருவது இதில்தான். கடையில் நின்று கண்ணாடிக் கதவு, எனாமல் நிறம், கால் வளைந்ததா நேரா என்று ஒரு மணித்தியாலம் கதைப்பார்கள். புகைக்கூடு என்றதும் "அது ஏற்கெனவே இருக்கு" என்று ஒரே சொல்லில் முடித்துவிடுவார்கள்.

உண்மையில் அடுப்பை இயக்குவதே புகைக்கூடுதான். உள்ளே இருக்கும் சூடான வாயு வெளிக்காற்றைவிட இலேசு. அது மேலே ஏறும்போது கீழே ஓர் இழுவை உண்டாகிறது. அந்த இழுவைதான் காற்றைத் துவாரத்தால் உள்ளே இழுத்து விறகை எரிக்கிறது. குழாய் எவ்வளவு சூடாக, எவ்வளவு உயரமாக, எவ்வளவு நேராக இருக்கிறதோ, இழுவை அவ்வளவு பலம். குழாய் குளிர்ந்தால் எவ்வளவு விலை கொடுத்த அடுப்பும் வெறும் இரும்புப் பெட்டிதான்.

லிண்ட்சே பக்கம் ஒரு தம்பியும் மனைவியும் வாங்கிய வீட்டைச் சொல்கிறேன். பக்கச் சுவரோடு ஒட்டி, வீட்டுக்கு வெளியே, பெரிய கல் புகைக்கூடு. பார்க்க வடிவுதான். அடுப்பை அவர்கள் பேஸ்மென்ற்றில் வைத்தார்கள். "சூடு மேலதானே ஏறும் அண்ணை, கீழ வச்சா முழு வீடும் சூடாகும்" என்பது கணக்கு. அடுப்பு விற்றவரும் தலையாட்டிவிட்டார்.

அங்கே ஒன்றல்ல, மூன்று பிழை. முதலாவது அளவு. அடுப்பிலிருந்து புகை வெளியேறும் வாய் 6 அங்குல வட்டம், பரப்பு ஏறக்குறைய 28 சதுர அங்குலம். அந்தக் கல் கூட்டுக்குள் இருந்த களிமண் குழாயின் உள்ளளவு பத்துக்குப் பத்து, அதாவது 100 சதுர அங்குலம். ஒடுங்கிய வழியால் வந்த புகை திடீரென்று மூன்றரை மடங்கு அகலத்தில் பரவினால் வேகம் குறையும், குளிரும், தாராகும். இரண்டாவது இடம். மூன்று பக்கமும் வெளிக் குளிரில் நிற்கும் கல், மைனஸ் இருபதில் பனிக்கட்டி மாதிரித்தான் இருக்கும்.

மூன்றாவதுதான் யாருக்கும் விளங்குவதில்லை. குளிர்காலத்தில் வீடே ஒரு புகைக்கூடு. உள்ளே இருக்கும் சூடான காற்று ஏறி மேல்மாடி இடுக்குகளால் வெளியே போகிறது. அந்த இடத்தை நிரப்பக் கீழ்த்தளம் எங்கிருந்தாவது காற்றை இழுக்கும். பேஸ்மென்ற்றில் அணைந்து கிடக்கும் அடுப்பும் அதற்கு ஒரு வழிதான். விடிய அடுப்புக் கதவைத் திறந்தால் முகத்தில் குளிர்க்காற்று அடிக்கும். கொளுத்தினால் புகை அறைக்குள் வரும். மேலே குசினியில் புகையிழுக்கும் விசிறியையும் போட்டுவிட்டால் சொல்லவே வேண்டாம்.

"அண்ணை, அடுப்பு பிழைபோல" என்றுதான் முதலில் போன் வந்தது. அடுப்பில் ஒரு பிழையும் இல்லை. விற்றவர் ஜன்னலைத் திறந்து வைக்கச் சொன்னார். பிறகு விசிறி ஒன்றை விற்றார். வெப்பமும் மேலே ஏறவில்லை, வெப்பக்காப்பில்லாத கொங்கிறீற் சுவர் அதை உறிஞ்சி வெளி மண்ணுக்குக் கொடுத்துக்கொண்டிருந்தது. கீழே அவிந்தது, மேலே படுக்கையறையில் ஜக்கெற்றோடு படுத்தார்கள். கடைசியில் அடுப்பைக் கீழ்த்தளத்திலிருந்து தூக்கி, வீட்டின் நடுவில், ஹோல் மூலையில் வைத்து, கூரை வழியாக நேராகப் புதிய குழாய் ஏற்றினார்கள். அதற்கான செலவு அடுப்பின் விலையைத் தாண்டியது. முதலிலேயே அப்படிச் செய்திருந்தால் ஒரு செலவோடு போயிருக்கும்.

இதில் காசைவிடப் பெரிய விஷயம் ஒன்று உண்டு. நெருப்பு அணையும் நேரத்தில் தணலில் புகை தெரியாது, ஆனால் காபன் மொனொக்சைட் வரும். அந்த நேரம் குழாய் குளிர்ந்து இழுவை திரும்பினால் அது வீட்டுக்குள்தான் வரும், நீங்கள் நித்திரையில் இருப்பீர்கள். படுக்கையறைக்குப் பக்கத்தில் அதற்கான அலாரம் இருக்க வேண்டும் என்பது ஒன்ராறியோவில் சட்டம். அடுப்பு இருக்கும் மாடியிலும் ஒன்று மாட்டுங்கள்.

ஆகவே ஒழுங்கு இப்படி இருக்கட்டும். முதலில் வீட்டின் நடுப்பகுதியில், ஆட்கள் புழங்கும் தளத்தில், கூரைக்கு நேராக ஏறக்கூடிய இடத்தைப் பாருங்கள். கூரையைத் துளைத்து வெளியே வரும் இடத்திலிருந்து குழாய் குறைந்தது 3 அடி உயர வேண்டும், 10 அடிக்குள் இருக்கும் எந்தக் கூரைப் பகுதியையும்விட 2 அடி உயர்ந்திருக்க வேண்டும். அப்புறம்தான் அடுப்பின் நிறம். பழைய கல் கூட்டை விட மனமில்லை என்றால், அதற்குள் அடுப்பின் வாய் அளவுக்கே துருப்பிடிக்காத எஃகுக் குழாயை, வெப்பக்காப்புச் சுற்றி, அடியிலிருந்து நுனி வரை இறக்க வேண்டும். பாதியில் நிறுத்தி "போதும்" என்கிற ஆளை வீட்டுக்கு அனுப்பிவிடுங்கள்.

ஒரு சின்ன விஷயம், இதைப் பார்த்தே வேலைக்காரரை எடைபோடலாம். அடுப்பிலிருந்து ஏறும் கறுப்புக் குழாயில் நெளிநெளியாகச் சுருக்கிய முனை கீழ்நோக்கி, அடுப்புப் பக்கம் பார்க்க வேண்டும். அப்போதுதான் வழியும் தார் குழாய்க்குள்ளேயே இறங்கி அடுப்பில் எரியும். மாறிப் பூட்டினால் மூட்டால் கசிந்து வெளியே கோடு கோடாக வடியும். மூட்டுக்கு மூன்று ஸ்குரூ. "புகை கீழே கசியும், அதுதான் திருப்பிப் போட்டேன்" என்று ஒருவர் என்னிடமே வாதாடியிருக்கிறார். இழுவை இருக்கும் குழாயில் புகை வெளியே வராது, அறைக்காற்றுத்தான் உள்ளே போகும்.

"காய்ந்த விறகு"

விற்பவர் சொல்லும் 'காய்ந்த'வை நம்ப வேண்டாம். ஒரு கட்டையைப் பிளந்து, பிளந்த புது முகத்தில் ஈரமானியைக் குத்துங்கள். 20 சதவீதத்துக்கு மேலே காட்டினால் அது அடுத்த வருடத்து விறகு. ஓக் மரத்துக்குப் பிளந்து அடுக்கிய பிறகு இரண்டு கோடை தேவை. செப்ரெம்பரில் அடுப்பையும் விறகையும் சேர்த்து வாங்குகிறவர் அந்த வருடம் ஈரத்தைத்தான் எரிப்பார்.

கோட் கணக்கு

விறகை இங்கே 'கோட்' என்ற அளவில்தான் விற்பார்கள். புஷ் கோட் என்றால் 4 × 4 × 8 அடி அடுக்கு, 128 கன அடி. பேஸ் கோட் அதில் ஏறக்குறைய மூன்றிலொன்று. விலை கேட்கும்போதே எது என்று கேளுங்கள்.

காப்புறுதி

அடுப்பை வாங்குவதற்கு முன்னர் காப்புறுதி நிறுவனத்தோடு கதையுங்கள். பின்னர் அல்ல. பூட்டுவதற்குக் கட்டட அனுமதியும் வேண்டும்.

ஒரே அடுப்பு, வேறொன்றும் இல்லை

ஜனவரியில் ஊருக்குப் போனால் அடுப்புக்கு விறகு போடுவது யார்? தண்ணீர்க் குழாய் உறைந்து வெடிக்கும். பழைய ஹீற்றரைக் கழற்றி விற்காதீர்கள்.

கரண்ட் இல்லாத நாளுக்கென்று பெலற் அடுப்பு

மரத்தூளை அழுத்திச் செய்த குறுணிகளை எரிக்கும் அடுப்பு அது. குறுணிகளை உள்ளே தள்ளுவதற்கே கரண்ட் வேண்டும்.

தகடில்லாத பழைய அடுப்பு

மலிவாகக் கிடைக்கும். பின்பக்கத்திலோ பக்கத்திலோ ஒட்டியிருக்கும் சான்றுத் தகட்டைப் பாருங்கள். எரியக்கூடிய சுவரிலிருந்து எத்தனை அங்குலம் தள்ளி வைக்கலாம் என்று அதில்தான் இருக்கும். தகடு இல்லையென்றால் பரிசோதிக்க வருகிறவர் கேள்வியில்லாமல் பக்கத்துக்கு 1,200 மில்லிமீற்றர், கிட்டத்தட்ட 4 அடி, இடைவெளி கேட்பார். ஹோலின் நடுவில் அடுப்பைச் சுற்றி நடந்து திரிய விருப்பமென்றால் வாங்குங்கள்.