சர்க்கரை சென்சார் ஒட்டிய இடத்தில் அரிப்பா? படிப்படியாகச் செய்ய வேண்டியவை

மேற்கையின் பின்புறத்தில் ஒட்டிக்கொள்ளும் குளுக்கோஸ் சென்சார், விரல் நுனியில் ஓயாமல் குத்திக்கொள்ளும் தொல்லையைப் பெருமளவு குறைத்திருக்கிறது. ஆனால் பத்து நாளோ பதினான்கு நாளோ ஒரே இடத்தில் இருக்க வேண்டிய பசைக்கு அடியில் வேலூர் வெயிலின் வியர்வையும் தேங்கும்போது, தோல் சிவந்து அரிப்பது பலருக்கும் நேர்கிறது. அது வெறும் எரிச்சலா, ஒவ்வாமையா என்று பிரித்தறிவதே இதில் முக்கால் பங்கு வேலை என்பதால், நான்காம் படியை மட்டுமாவது நிதானமாகப் படியுங்கள்.

முதல் படி, இடத்தைத் தயார் செய்தல். எண்ணெய் தேய்த்துக் குளித்த நாளில் புதிய சென்சார் ஒட்ட வேண்டாம். வாசனையோ கிரீமோ கலக்காத சாதாரண சோப்பால் கழுவித் துடைத்து, சென்சாருடன் வரும் ஸ்பிரிட் பஞ்சால் ஒருமுறை துடையுங்கள். அந்த ஈரம் முழுவதும் ஆவியாகும்வரை காத்திருப்பது அவசியம், ஏனெனில் ஈரத்தின் மேல் ஒட்டினால் எரிச்சலும் கூடும், பசையும் பிடிக்காது. முடி இருந்தால் கத்தரித்துக்கொள்ளுங்கள். சவரம் செய்தால் கண்ணுக்குத் தெரியாத கீறல்கள் விழும்.

இரண்டாம் படி, இடம் மாற்றுதல். சென்ற முறை இடக்கை என்றால் இந்த முறை வலக்கை. பழைய தடம் முழுவதும் மறையாத இடத்தில் மறுபடி ஒட்டக் கூடாது.

மூன்றாம் படி, கழற்றுதல். அவசரமாகப் பிய்த்தால் தோலின் மேலடுக்கும் பசையோடு உரிந்து வரும். எனவே ஓரம் முழுவதும் தேங்காய் எண்ணெயைத் தடவிச் சில நிமிடங்கள் ஊறவிட்டு, ஒரு முனையை நகத்தால் நெம்பி, மேல்நோக்கி இழுக்காமல் தோலை ஒட்டியபடியே மடக்கி உரியுங்கள். மற்றொரு விரல் தோலை அழுத்திப் பிடித்திருக்கட்டும்.

நான்காம் படி, தோலைப் படித்தல். கழற்றியதும் நல்ல வெளிச்சத்தில் அந்த இடத்தைப் புகைப்படம் எடுத்து, சிவப்பின் விளிம்பைப் பேனாவால் வரைந்து, மறுநாளும் அதற்கு மறுநாளும் பாருங்கள். சிவப்பு பசை இருந்த இடத்துக்குள்ளேயே நின்று ஓரிரு நாளில் வடிந்தால் அது பெரும்பாலும் எரிச்சல். முதல் மூன்று படிகளைத் திருத்தமாகச் செய்தாலே பெரும்பாலும் குறைந்துவிடும். கடும் அரிப்புடன் நீர்க்கொப்புளங்கள் தோன்றி, சிவப்பு பசையின் எல்லையைத் தாண்டிப் பரவி, நாட்கணக்கில் நீடித்தால் ஒவ்வாமையைச் சந்தேகிக்க வேண்டும்.

'இத்தனை மாதம் ஒட்டினேன், ஒன்றும் செய்யவில்லையே' என்பது ஒவ்வாமை இல்லை என்பதற்குச் சான்றாகாது. தோல் பதனிடும் வேலையில் பல காலம் இருந்தபின் குரோமியத்தால் கை வெடித்தவர்களை ராணிப்பேட்டை, ஆம்பூர்ப் பக்கத்தினர் அறிவார்கள். இங்கும் அதே கதைதான். உடல் ஒரு பொருளை அடையாளம் கண்டுகொள்ளக் காலம் எடுக்கும். கண்டுகொண்டபின் ஒவ்வொரு முறையும் ஓரிரு நாளிலேயே எதிர்ப்பைக் காட்டும்.

குற்றவாளி பெரும்பாலும் பசையிலும் பிளாஸ்டிக்கிலும் சேர்க்கப்படும் அக்ரிலேட் வகை வேதிப்பொருள்களே. ஃப்ரீஸ்டைல் லிப்ரே சென்சாரில் ஐசோபோர்னைல் அக்ரிலேட் இருப்பதை 2017-இல் ஆய்வாளர்கள் வெளியிட்டார்கள். அது தோலில் படும் பசையைவிட, பிளாஸ்டிக் கூட்டின் பாகங்கள் இணையும் இடத்தில் அதிகமாக இருந்தது. அமெரிக்கத் தொடுதோல் அழற்சிச் சங்கம் 2020-ஆம் ஆண்டின் ஒவ்வாமைப் பொருளாக அதை அறிவித்தது. தயாரிப்புகளில் பின்னர் மாற்றங்கள் வந்திருப்பதால், நீங்கள் ஒட்டியது எந்த மாதிரி என்பது முக்கியம்.

ஐந்தாம் படி, தோல் மருத்துவரைப் பார்த்தல். சென்சாரின் பெட்டி, கழற்றிய சென்சார், புகைப்படங்கள் மூன்றையும் கொண்டு செல்லுங்கள். சந்தேகப் பொருள்களை முதுகில் ஒட்டி, 48 மணி நேரம் கழித்து எடுத்துப் பார்த்து, நான்காம் நாள் வாக்கில் மீண்டும் பார்க்கும் ஒட்டுப் பரிசோதனை இதற்கு உண்டு. வழக்கமான பரிசோதனைத் தொகுப்பில் ஐசோபோர்னைல் அக்ரிலேட் இல்லாமல் போகலாம் என்பதால் அதன் பெயரை நீங்களே எடுத்துச் சொல்லுங்கள். அந்த நாட்களில் முதுகு நனையவோ வியர்க்கவோ கூடாது என்பதால், கத்திரி வெயிலைத் தவிர்த்துத் தை மாதம் வைத்துக்கொள்வது நல்லது. குடியாத்தத்திலிருந்தோ திருப்பத்தூரிலிருந்தோ வேலூருக்கு வருபவர்கள் திங்கட்கிழமை தொடங்கினால் புதன், வெள்ளி என்று அலைச்சல் ஒரே வாரத்தில் முடிந்துவிடும்.

ஒவ்வாமை உறுதியானால், தோலுக்கும் பசைக்கும் இடையே தடுப்புப் படலமோ, புண்ணின் மேல் ஒட்டும் ஹைட்ரோகொலாய்டு ஒட்டோ வைத்துப் பார்க்கச் சில மருத்துவர்கள் சொல்வார்கள். சிலருக்கு அது உதவும். ஆனால் பொருள் அதையும் ஊடுருவக்கூடும், சென்சாரின் அளவீடும் மாறக்கூடும். ஆகவே கிளுக்கோமீட்டரில் ஒப்பிட்டுப் பார்க்காமல் அந்த அளவை நம்பி இன்சுலின் போட வேண்டாம். அந்தப் பொருள் இல்லாத வேறு சென்சாருக்கு மாறுவதே உறுதியான வழி. மருந்துக் கடையில் கேட்டு வாங்கும் ஸ்டீராய்டு கலவைக் கிரீமைத் தடவிக்கொண்டு அதன் மேலேயே அடுத்த சென்சாரை ஒட்டுவது மட்டும் கூடாது: தோல் மெலியும், பசையும் நிற்காது.

சீழ், சூடு, பரவும் வலி, காய்ச்சல் ஆகியவற்றுள் எது இருந்தாலும் அது கிருமித்தொற்றாக இருக்கலாம். சென்சாரின் காலம் முடியட்டும் என்று காத்திராமல் உடனே கழற்றிவிட்டு அன்றே மருத்துவரிடம் செல்லுங்கள், அடுத்த சென்சார் வரும்வரை விரலில் குத்திச் சர்க்கரையைப் பார்த்துவாருங்கள்.