பன்யன்: 18ஆம் நூற்றாண்டுக் கூடலுக்கு ஓர் அங்கி தைப்பதும் அணிவதும்

18ஆம் நூற்றாண்டு ஐரோப்பிய உடை அணிந்து ஆர்வலர்கள் ஒன்றுகூடும் ஒரு கூடலுக்கு ஆடை தைக்க முனையும் ஆண்களில் பெரும்பாலோர் எடுத்த எடுப்பிலேயே கோட்டில் கை வைத்துவிடுகிறார்கள். அக்காலத்துக் கோட்டு மார்போடு ஒட்டி, முதுகில் குறுகி, இடுப்புக்குக் கீழே மடிப்பு மடிப்பாக விரிவது. உள்ளே விறைப்புத் துணி வைத்துக் கையால் குத்தித் தைத்து முடிக்கக் கைதேர்ந்தவர்களுக்கே வாரக்கணக்கில் ஆகும். முதன்முறை தைக்க வருகிறவர்களுக்கு நான் சொல்வது ஒன்றுதான்: பன்யன் தையுங்கள். கழுத்திலிருந்து கணுக்கால் வரை தளர்வாக இறங்கி, முன்புறம் முழுக்கத் திறந்திருக்கும் இந்த அங்கியை, அக்காலத்துச் செல்வர்களும் அறிஞர்களும் வீட்டில் இருக்கும்போது சட்டைக்கு மேலே அணிந்தார்கள். தைக்க எளிது, அணிய இதமானது. அதற்கும் மேலாக, அதன் உயிரே துணியில் இருக்கிறது. அந்தத் துணியோ நம் கடற்கரையிலிருந்து போனது.

குஜராத்தி வணிகரைக் குறித்த 'வாணியோ' என்னும் சொல் போர்த்துகீசியர் வாயில் திரிந்து, ஆங்கிலத்தில் முதலில் இந்திய வணிகருக்கும் பிறகு இந்த அங்கிக்கும் பெயரானது. நாம் சட்டைக்குள் போடும் பனியனும் அதே சொல்தான். வெட்டு முறைக்கு மூலம் வேறு. டச்சுக்காரர்கள் ஜப்பானிலிருந்து கொண்டுவந்த கிமோனோவின் நேர்க்கோட்டு வெட்டும், பழவேற்காட்டிலும் மசூலிப்பட்டினத்திலும் அவர்கள் வாங்கிய பூத்துணியும் சேர்ந்ததே இந்த உடை. ஆங்கிலேயர் அந்தத் துணியைச் சின்ட்ஸ் என்றார்கள். நாட்குறிப்பால் புகழ்பெற்ற சாமுவேல் பீப்ஸ் 1661இல் தனக்கென ஓர் 'இந்திய அங்கி' வாங்கினார். 1666இல் ஓவியருக்கு முன் உட்காரும்போது அப்படிப்பட்ட ஒன்றை வாடகைக்கு எடுத்தார். லண்டன் தேசிய உருவப்பட அரங்கில் இருக்கும் அவருடைய படத்தில் அந்த அங்கியை இன்றும் பார்க்கலாம்.

துணியைத் தேர்ந்தெடுப்பதில் அவசரப்படாதீர்கள். பழைய சின்ட்ஸ், கடுக்காயிலும் எருமைப் பாலிலும் நனைத்த பருத்தியில், இரும்புக் கரைசலால் கருப்புக் கோடும் படிகாரத்தால் சிவப்புக்கான இடமும் எழுதிச் சிவப்புச் சாயம் தரும் சாயவேரில் கொதிக்கவைத்து, நீலம் ஏறக்கூடாத இடங்களை மெழுகால் மூடி அவுரியில் தோய்த்து உருவானது. இன்று அதற்கு மிக நெருக்கமாக நம் கைக்கு எட்டுவது ஆந்திரத்துப் பெடனாவில் மர அச்சால் பதிக்கும் கலம்காரிப் பருத்தி. வெள்ளை அல்லது வெளிர்மஞ்சள் தளத்தில் சிவப்பும் கருநீலமுமாகக் கொடியும் பூவும் படர்ந்திருப்பதை எடுங்கள். யானை, மயில், புராண உருவங்கள் நிறைந்த துணி எவ்வளவு அழகாக இருந்தாலும் இந்த வேலைக்குப் பொருந்தாது. பாலியெஸ்டரை அறவே தவிர்த்துவிடுங்கள். மெழுகுவர்த்தி ஒளியில் அதன் மினுக்கு உடனே காட்டிக்கொடுக்கும், ஆள் நெரிசலான அறையில் வியர்வையும் வாங்காது.

இன்னொன்றையும் கடையிலேயே பார்த்துவிட வேண்டும். நாம் வெட்டப்போகும் முறையில் தோளில் தையல் கிடையாது. ஒரே துணி முன்னிருந்து தோள் மேல் ஏறி முதுகில் இறங்கும். பூக்கள் எல்லாம் ஒரே திசையில் மேல் நோக்கி நிற்கும் துணியானால், முதுகுப் பக்கம் அவை தலைகீழாகத் தொங்கும். எந்தப் பக்கம் பிடித்தாலும் ஒன்றுபோல் தெரிகிற கொடிப் பின்னலே நல்லது.

வாங்கிய துணியை வெட்டுவதற்கு முன் நனைத்தே ஆக வேண்டும். லைனிங்கையும் சேர்த்துத்தான் சொல்கிறேன். என் அண்ணனுக்கு நான் தைத்த முதல் பன்யனில் மேல்துணியை மூன்று முறை அலசிவிட்டு, லைனிங்குக்கு எடுத்த மல்மல் என்னும் மெல்லிய பருத்தியைக் கடையிலிருந்து வந்தபடியே வைத்துத் தைத்தேன். ஒரு கூடல் முடிந்து துவைத்ததும் லைனிங் ஒன்றரை அங்குலம் சுருங்கி, கீழ் ஓரம் முழுவதும் சுருக்குப் பையின் வாய்போல் உள்ளே இழுத்துக்கொண்டது. ஓரத்தைச் சுற்றிலும் பிரித்து, லைனிங்குக்கு ஒட்டுப்போட இரண்டு நாள் ஆனது. கலம்காரியைச் சோப்பில்லாத குளிர்ந்த நீரில், தண்ணீர் தெளியும்வரை அலசி, நிழலில் காயவையுங்கள். பிறகு நீர்த்த அரிசிக் கஞ்சி போட்டு, ஈரப்பதம் இருக்கும்போதே அழுத்தி இஸ்திரி போட்டால் மெல்லிய பளபளப்பு வரும். அக்காலத்துச் சின்ட்ஸும் கஞ்சியிட்டுத் தேய்த்து மெருகேற்றியதுதான் என்பதால், இந்தச் சின்ன வேலை ஆடையின் தோற்றத்தையே மாற்றிவிடும்.

இனி அளவு. ஐந்தடி ஏழு அங்குல உயரமும் 40 அங்குல மார்பும் உள்ளவருக்கு, 44 அங்குல அகலத் துணியில் மூன்றரை மீட்டர் மேல்துணியும் அதே அளவு லைனிங்கும் போதும். முதலில் காடாத் துணியில் வெட்டி, போட்டுப் பார்த்துவிட்டே நல்ல துணியில் கத்தரி வையுங்கள்.

நனைத்து உலர்த்திய துணியிலிருந்து 110 அங்குல நீளம் எடுத்து, நீளவாக்கில் நடுவே கிழித்தால் 22 அங்குல அகலத்தில் இரண்டு பட்டைகள் கிடைக்கும். ஒவ்வொரு பட்டையையும் குறுக்கே பாதியாக மடியுங்கள். மடிப்பு தோளில் உட்காரும் இடம். ஒரு பாதி முன்புறம், மறு பாதி முதுகு. உடலின் நடுவில் வரும் ஓரத்திலிருந்து 13 அங்குலம் தள்ளி, மடிப்பிலிருந்து பத்தரை அங்குலம் கீழே ஒரு புள்ளி வையுங்கள், அதுதான் அக்குள். அந்தப் புள்ளியிலிருந்து வெளி ஓரம்வரை நேராக ஒரு கோடு போட்டால் கையின் மேல்பாதி வந்துவிடும். அதே புள்ளியிலிருந்து கீழ் வெளிமூலைக்கு ஒரு சாய்கோடு போட்டால் பக்கவாட்டு விரிவு வந்துவிடும். இரண்டு கோட்டுக்கும் இடையில் கழிந்து வரும் துண்டு, மேலே ஒன்பது அங்குல அகலமும் நாற்பத்து நான்கரை அங்குல நீளமுமாகக் கீழே கூராக முடியும் ஒரு முக்கோணம். இரு பட்டைகளிலும் சேர்த்து அப்படி நான்கு கிடைக்கும்.

அந்த முக்கோணங்களைக் கழிவு என்று எறிந்துவிடாதீர்கள். இரண்டைத் தலைகீழாகத் திருப்பி, கூர்முனை மார்பிலும் அகலமான பக்கம் பாதத்திலும் வருமாறு முன் ஓரங்களில் சேர்த்தால், நடக்கும்போது விலகாமல் ஒன்றன்மேல் ஒன்று மூடிக்கொள்ளும் முன்பாகம் அமைந்துவிடும். சேர்க்கும்போது முக்கோணத்தின் சாய்ந்த ஓரம் அங்கியின் நேர் ஓரத்தோடு பொருந்தட்டும். நேர் நூல் ஓரம் வெளியே நின்றால்தான் முன்பக்கம் இழுபட்டுத் தொங்காது. மீதி இரண்டில் கழுத்துப் பட்டியும், அக்குளில் வைக்க நான்கு அங்குலச் சதுரத் துண்டுகளும் எடுங்கள். துணி விலையில் தங்கத்துக்கு நிகராக இருந்த காலத்து வெட்டு இது. ஒரு விரல்கடைகூட வீணாகாமல், நெய்த அகலமே அங்கியின் அகலத்தைத் தீர்மானிக்கிறது. எத்தனை முறை வெட்டினாலும் எனக்கு மிகவும் பிடித்த கட்டம் இதுதான்.

கையின் கீழ்ப்பாதிக்கு, மேலே 21 அங்குலமும் மணிக்கட்டில் 13 அங்குலமுமாகக் குறுகும் இரண்டு துண்டுகளை 12 அங்குல நீளத்தில் வெட்டுங்கள். கழுத்துக்குப் பின்புறம் ஒரு அங்குலமும் முன்புறம் மூன்று அங்குலமும் இறக்கி, பக்கவாட்டில் மூன்று அங்குலம் குடைந்தால் போதும். குறைவாகக் குடைந்துவிட்டுப் பிறகு சரிசெய்யலாம். அதிகம் குடைந்துவிட்டால் வழியில்லை.

முதுகு நடுத் தையல், முன் முக்கோணங்கள், கை நீட்டம், அக்குள் சதுரம், கடைசியாகப் பக்கவாட்டு என்ற வரிசையில் தைத்துவாருங்கள். உள்ளே மறையும் நீளத் தையல்களை மெஷினில் ஓட்டுவதில் தவறில்லை. வெளியே தெரியும் ஓரங்களைக் கையால் முடிக்க வேண்டும் என்பதில் மட்டும் நான் விட்டுக்கொடுப்பதில்லை, ஏனெனில் மெஷின் தையலின் இறுகிய கோடு முன் ஓரத்தில் தெரிந்தால் அங்கி நேற்றுக் கடையில் வாங்கியதுபோல் ஆகிவிடும். அக்குளில் சதுரத்தின் முனை உட்காரும் மூலைவரை கத்தரித்து, அங்கே மட்டும் பின் தையலால் இரண்டு முறை ஓட்டுங்கள். கையைத் தூக்கும்போதெல்லாம் அந்த மூலைதான் பாரத்தைத் தாங்குகிறது. லைனிங்கையும் இதேபோல் தனி அங்கியாகத் தைத்து, உள்ளே நுழைத்து, ஓரங்களை உள்மடித்துச் சேருங்கள். கீழ் ஓரத்தை உடனே மடிக்காமல், ஓர் இரவு முழுவதும் ஹேங்கரில் தொங்கவிடுங்கள். சாய்வாக வெட்டிய பக்கங்கள் அதற்குள் இறங்க வேண்டிய மட்டும் இறங்கிவிடும். மறுநாள் அணிந்து நிற்கவைத்துத் தரையிலிருந்து அளந்து சமப்படுத்தி, கையால் ஹெம்மிங் செய்யுங்கள். கழுத்துப் பட்டி இரண்டு அங்குல உயரத்துக்கு மேல் வேண்டாம். மார்பில் துணியால் மூடிய இரண்டு பொத்தான்களோ ஒரு ஜோடி நாடாவோ போதும். ஜிப்பும் ஒட்டுப்பட்டையும் அந்தக் காலத்தில் இல்லை.

பன்யன் தனியாக நிற்காது. அதற்குள் முட்டியளவு நீளமுள்ள தளர்ந்த வெள்ளை லினன் சட்டையும், முட்டிக்குக் கீழே இறுகும் அரைக்கால்சட்டையும், முட்டி தாண்டும் காலுறையும், குதிகால் திறந்த செருப்பும் வேண்டும். பணமும் நேரமும் குறைவாக இருந்தால் அங்கியில் மிச்சம்பிடித்துச் சட்டையில் செலவிடுங்கள் என்பேன். திறந்த கழுத்தில் கண்ணுக்கு முதலில் படுவது சட்டைதான். தலையை வெறுமையாக விடக்கூடாது. அக்காலத்து ஆண்கள் பொய்முடிக்காகத் தலையை மழித்துக்கொண்டவர்கள். வீட்டுக்கு வந்து பொய்முடியைக் கழற்றியதும் குளிருக்காகத் தொப்பியோ தலைப்பாகையோ வைத்துக்கொள்வார்கள். பாஸ்டன் வணிகர் நிக்கலஸ் பாயில்ஸ்டனை ஜான் சிங்கிள்டன் காப்லி 1767இல் வரைந்த படத்தை ஒருமுறை நிதானமாகப் பாருங்கள். பன்யன் தோளிலிருந்து தளர்ந்து விழ, தலையில் சிவந்த தொப்பியோடு, முழங்கையைப் புத்தகங்கள்மேல் ஊன்றி அமர்ந்திருக்கிறார். அந்த அமைதிதான் பன்யனின் தோரணை. இறுக்கிக் கட்டி விறைத்து நின்றால் ஆடை பேசாது. முன்பக்கத்தைத் திறந்துவிட்டு, நாற்காலியில் சாய்ந்து, மடியில் ஒரு புத்தகத்தோடு உட்காருங்கள். காப்பி குடிக்கும் முன் கை ஓரத்தை ஒரு மடிப்பு மேலே ஏற்றிவிடுங்கள். லைனிங்கின் நிறமும் தெரியும், கோப்பையிலும் தோயாது.

எந்தக் கூடலுக்கு அணிகிறோம் என்பதையும் யோசிக்க வேண்டும். பன்யன் வீட்டு உடை. காலை உணவு, வாசிப்பு, இசை, சீட்டாட்டம், நண்பர்கள் கூடும் மாலை ஆகியவற்றுக்கு மிகப் பொருத்தமானது. வெர்சாய் அரண்மனையின் வேட விருந்துபோல் அரசவை உடையை எதிர்பார்க்கும் இடத்துக்கு இதை அணிந்து போவது, திருமண வரவேற்புக்கு வீட்டுக் கைலியோடு போவதற்குச் சமம். ஆண்டையும் கேட்டுவைத்துக்கொள்ளுங்கள். பிரான்சில் 1686 முதல் 1759 வரை சின்ட்ஸுக்குத் தடை இருந்தது. இங்கிலாந்தில் உள்நாட்டு நெசவாளர்களின் எதிர்ப்பால் 1701இல் இறக்குமதிக்கும், 1721ஆம் ஆண்டுச் சட்டத்தால் அணிவதற்குமே தடை வந்து 1774இல்தான் நீங்கியது. தடையை மீறி அணிந்தவர்கள் இருந்தார்கள் என்றாலும், 1740ஆம் ஆண்டு லண்டனைக் கருவாகக் கொண்ட கூடலுக்குப் பூத்துணியைவிட ஒற்றை நிறப் பட்டு பன்யனே பாதுகாப்பான தேர்வு. ஹாலந்தில் அப்படிப்பட்ட தடை இல்லாததால், டச்சு வணிகராக வருகிறவர் எந்த ஆண்டிலும் பூத்துணியைத் தயங்காமல் அணியலாம்.

கூடல் முடிந்து வந்ததும் அங்கியைத் துவைக்க ஓடாதீர்கள். அடிக்கடி நீரில் போனால் கலம்காரியின் சிவப்பு மங்கும், கஞ்சி மெருகும் போய்விடும். வியர்வையை வாங்குவதற்குத்தான் லினன் சட்டை இருக்கிறது. அதைத் துவைத்துவிட்டு, அங்கியை உள்புறம் வெளியே திருப்பி, வெயில் படாத காற்றோட்டத்தில் ஒரு நாள் தொங்கவிடுங்கள். பிறகு பழைய வெள்ளை வேட்டியில் சுற்றி, ஒவ்வொரு முறையும் மடிப்பை இடம் மாற்றி வைத்தால் மடித்த கோட்டில் துணி இற்றுப்போகாது.